கேள்வி–பதில்: வளையம் திறந்து சங்கிலியாகும் வேதியியல்

சென்ற இதழில் வளையத் திறப்பு மெட்டாதெசிஸ் பலபடியாக்கல் பற்றி அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வெளியானது. வளைய வடிவ மூலக்கூறுகளை ஓர் உலோக வினையூக்கி ஒவ்வொன்றாகத் திறந்து நீண்ட சங்கிலியாகக் கோத்துவிடுகிறது என்பதுதான் அதன் சாரம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் குறிப்பைவிட ஆழமாக இருந்தன. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஆய்வகங்களில் இம்முறையை ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி ‘ரோம்ப்’ என்று சொல்வது வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: எத்திலீன் பாலிஎத்திலீனாகும்போது இரட்டைப் பிணைப்பு மறைந்துவிடுகிறது என்று பாடத்தில் படித்தோம். ரோம்ப் முறையில் கிடைக்கும் பலபடியில் இரட்டைப் பிணைப்புகள் அப்படியே இருக்கும் என்கிறீர்கள். பிணைப்பு செலவாகாமல் சங்கிலி எப்படி நீளும்?
— இளங்கலை வேதியியல் மாணவர்

பதில்: எத்திலீனில் இரட்டைப் பிணைப்பின் ஒரு பாதி மட்டும் உடைந்து, அந்த எலக்ட்ரான்களே அடுத்த மூலக்கூறோடு புதிய ஒற்றைப் பிணைப்பை உண்டாக்குகின்றன, அதனால் ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் இரட்டைப் பிணைப்பு விலையாகப் போகிறது. மெட்டாதெசிஸில் நடப்பது வேறு. அங்கே இரு கார்பன்களுக்கு இடையிலுள்ள இரண்டு பிணைப்புகளும் முழுமையாக அறுபட்டு, அவ்விரு கார்பன்களும் வேறு துணைகளோடு மீண்டும் இரட்டைப் பிணைப்பாலேயே சேர்கின்றன. இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

இதை நடத்துவது உலோகக் கார்பீன், அதாவது உலோகமும் கார்பனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த அணைவுச் சேர்மம். அது ஓர் ஆல்கீனை, அதாவது இரு கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பு கொண்ட மூலக்கூறை, அடையும்போது, ஓர் உலோக அணுவும் மூன்று கார்பன் அணுக்களும் கொண்ட நாலணு வளையம் ஒன்று சிறிது நேரம் உருவாகிறது. அவ்வளையம் சேர்ந்த வழியிலேயே உடைந்தால் பழைய நிலை திரும்பிவிடும். மற்ற இரு பிணைப்புகள் வழியாக உடைந்தால் புதிய ஆல்கீனும் புதிய உலோகக் கார்பீனும் கிடைக்கும். ஆல்கீன் திறந்த சங்கிலியாக இருந்தால் இரு துண்டுகளும் தனித்தனியே போய்விடும். நார்போர்னீன் போன்ற வளைய ஆல்கீனிலோ அந்த இரு கார்பன்களும் வளையத்தின் மீதிப் பகுதி வழியாக ஒன்றோடொன்று கட்டுண்டே இருக்கின்றன. ஆகவே ஒரு முனை வளரும் சங்கிலியோடு சேர, மறுமுனையில் உலோகம் அமர்ந்துகொள்கிறது; அடுத்த வளையம் வந்ததும் அதே காரியம் மறுபடி நடக்கிறது.

2005-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசை அறிவித்தபோது, மெட்டாதெசிஸை நடனத்தில் துணை மாற்றிக்கொள்ளும் ஜோடிகளுக்கு ஒப்பிட்டார்கள். அழகான உவமைதான். ரோம்புக்கு மட்டும் அதில் ஒரு திருத்தம் வேண்டும்: இங்கே பிரியும் துணைவர் இருவரையும் இடுப்பில் ஒரே கயிறு பிணைத்திருக்கிறது. அந்தக் கயிறு இல்லையென்றால் சங்கிலியே இல்லை.

கேள்வி: அந்த நாலணு வளையத்தை யாராவது பார்த்தார்களா? இல்லையென்றால் அது காகிதத்தில் மட்டும் இருக்கும் வேதியியல் அல்லவா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, இதே சந்தேகம் அறுபதுகளின் இறுதியில் துறை முழுவதும் இருந்தது. 1967-இல் குட்இயர் நிறுவனத்தைச் சேர்ந்த நிசிம் கால்டரானும் அவருடைய குழுவினரும் ‘ஒலிஃபின் மெட்டாதெசிஸ்’ என்ற பெயரைச் சூட்டினார்கள். ஆனால், இரண்டு ஆல்கீன்கள் சேர்ந்தாற்போல உலோகத்தின் மீது அமர்ந்து, ஜோடியாகவே துணை மாற்றிக்கொள்கின்றன என்பதுதான் அன்று பரவலாக இருந்த விளக்கம்.

பிரான்சில் ஈவ் ஷோவேனும் அவருடைய மாணவர் ழான்-லூயி எரிஸ்ஸோனும் 1971-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. எனக்கு மிகவும் பிடித்தமானதும்கூட. சைக்ளோபென்டீனையும் 2-பென்டீனையும் டங்ஸ்டன் சார்ந்த வினையூக்கி ஒன்றுடன் கலந்தார்கள். 2-பென்டீனின் ஒரு பாதியில் இரண்டு கார்பன், மறுபாதியில் மூன்று கார்பன். ஜோடியாக மாற்றம் நடந்தால், திறந்த வளையத்தின் ஒரு முனைக்கு இரண்டு கார்பன் துண்டும் மறுமுனைக்கு மூன்று கார்பன் துண்டும் போக வேண்டும். தொடக்கத்தில் பத்துக் கார்பன் கொண்ட சேர்மம் மட்டுமே கிடைக்க வேண்டும். உண்மையில் ஒன்பது, பத்து, பதினொன்று கார்பன் கொண்ட சேர்மங்கள் தொடக்கத்திலிருந்தே ஏறத்தாழ 1:2:1 என்ற விகிதத்தில் கிடைத்தன. இரு முனைகளுக்கும் துண்டுகள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியாக வந்து சேர்ந்தால் மட்டுமே இந்த விகிதம் பொருந்தும். அப்படியானால் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுமந்து செல்லும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அது உலோகக் கார்பீன் என்றும், இடைநிலை நாலணு வளையம் என்றும் அவர்கள் முன்வைத்தார்கள். பின்னர், 1980 வாக்கில், ராபர்ட் கிரப்ஸின் குழு டைட்டேனியம் கொண்ட அத்தகைய வளையங்களைத் தனியே பிரித்தெடுத்தது. 1986-இல் அவற்றைக் கொண்டே நார்போர்னீனைக் கட்டுப்பாடாகப் பலபடியாக்கியும் காட்டியது. ஆகவே, தங்கள் கேள்விக்கு ‘பார்த்தார்கள்’ என்றே பதில் சொல்லலாம்.

கேள்வி: நார்போர்னீன் எளிதில் பலபடியாகிறது, சைக்ளோஹெக்சீன் ஆவதில்லை. இரண்டுமே வளைய ஆல்கீன்கள்தானே? நல்ல வினையூக்கியாக இருந்தால் சைக்ளோஹெக்சீனையும் வழிக்குக் கொண்டுவர முடியாதா?
— முதுகலை மாணவி

பதில்: முடியாது. வினையூக்கி வேகத்தை மாற்றும். சமநிலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை மாற்றாது. ரோம்பில் இந்தப் பாடம் பளிச்சென்று தெரிகிறது. ஏனெனில் இங்கே ஒவ்வொரு படியும் மீளக்கூடியது.

பல தனி மூலக்கூறுகள் ஒரே சங்கிலியாகும்போது என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, குறைகிறது. அது பலபடியாக்கலுக்கு எதிரான விசை. அதை ஈடுகட்ட, வளையம் திறக்கும்போது ஆற்றல் வெளிப்பட வேண்டும். அந்த ஆற்றல் வளையத்தின் இறுக்கத்திலிருந்து, அதாவது பிணைப்புக் கோணங்கள் இயல்புக்கு மாறாக வளைந்து கிடப்பதிலிருந்து வருகிறது. நார்போர்னீனின் இறுக்க ஆற்றல் மோலுக்குச் சுமார் 27 கிலோகலோரி. சைக்ளோபியூட்டீனுக்குச் சுமார் 30. சைக்ளோஆக்டீனும் சைக்ளோபென்டீனும் 7-ஐ ஒட்டி நிற்கின்றன. சைக்ளோஹெக்சீனுக்கோ 2.5 அளவுதான், அது ஏற்கெனவே சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் வளையம், திறந்துகொள்ள அதற்குக் காரணமே இல்லை. மிகக் குளிர்ந்த நிலையில் அது சில அலகுகள் மட்டும் கொண்ட குறுஞ்சங்கிலிகளைத் தந்ததுண்டு. அறை வெப்பத்துக்கு வந்தால் அவையும் தம் வினையூக்கியின் முன்னிலையில் வளையங்களாகவே திரும்பிவிடும்.

நடுவில் நிற்கும் சைக்ளோபென்டீன் சுவையானது. செறிவை உயர்த்தி வெப்பத்தைக் குறைத்தால் சங்கிலியாகும். நீர்த்துச் சூடாக்கினால் பின்வாங்கும். மறுசுழற்சி பற்றிய கடைசிக் கேள்வியில் இது மீண்டும் வரும்.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் இரண்டாம் தலைமுறை கிரப்ஸ் வினையூக்கியைக் கொண்டு நார்போர்னீன் வழிப்பொருள் ஒன்றைப் பலபடியாக்கினேன். சில நிமிடங்களில் மோனோமர் (சங்கிலியில் கோக்கப்படும் தனி மூலக்கூறு) முழுவதும் தீர்ந்துவிட்டது. ஆனால் மூலக்கூறு நிறை கணக்கிட்டதைவிடப் பலமடங்கு அதிகம். நிறைப் பரவலும் மிக அகலம். வினையூக்கி கெட்டுவிட்டதா? மூன்றாம் தலைமுறை இதைவிட வீரியமானது என்பதால் அதை வாங்கச் சொல்கிறார்கள்.
— ஆய்வு மாணவர்

பதில்: வினையூக்கி கெடவில்லை என்றே நினைக்கிறேன்; அது தன் இயல்புப்படி நடந்திருக்கிறது. மூன்றாம் தலைமுறையை வாங்கச் சொல்வதும் சரியான யோசனைதான், ஆனால் ‘வீரியம்’ என்ற காரணம் தவறு. ‘தலைமுறை’ என்ற சொல்லே பலரையும் இப்படித் திசைதிருப்புகிறது. கைப்பேசிகளைப் போல ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிட எல்லாவற்றிலும் மேலானது என்று எண்ணிவிடுகிறோம்.

மூன்றிலும் நடுவில் இருப்பது ருத்தீனியம்; அதைச் சுற்றியுள்ள ஈனிகளில், அதாவது உலோகத்தோடு ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளில்தான் வேறுபாடு. 1995-இல் வந்த முதல் தலைமுறையில் இரண்டு பாஸ்பீன் ஈனிகள் உள்ளன. 1999-இல் வந்த இரண்டாம் தலைமுறையில் அவற்றில் ஒன்றின் இடத்தை நைட்ரஜன் கொண்ட வளையக் கார்பீன் ஈனி பிடித்துக்கொண்டது. 2002-இல் வந்த மூன்றாம் தலைமுறையில் எஞ்சியிருந்த பாஸ்பீனும் நீக்கப்பட்டு, அங்கே தளர்வாகப் பிடித்துக்கொள்ளும் இரண்டு புரோமோபிரிடின் ஈனிகள் வந்தன.

இவை எல்லாமே விற்பனைப் புட்டியில் இருக்கும்போது உறக்கத்தில் இருப்பவை. ஓர் ஈனி கழன்று இடம் காலியானால்தான் ஆல்கீன் உள்ளே வர முடியும். ஆகவே இரண்டு வேகங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்: முதல் ஈனி கழன்று சங்கிலி புறப்படும் வேகம் ஒன்று; புறப்பட்ட சங்கிலி அடுத்தடுத்த வளையங்களைச் சேர்த்துக்கொள்ளும் வேகம் மற்றொன்று. இரண்டாம் தலைமுறையில் பாஸ்பீன் கழல்வது முதல் தலைமுறையைவிடவும் மெதுவாக நடக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் பலரும் இதற்கு நேர்மாறாகத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் ஒருமுறை கழன்றுவிட்டால், காலி இடத்துக்குப் பாஸ்பீன் திரும்பி வருவதற்குள் ஆல்கீன் வந்து அமர்ந்துவிடும் வாய்ப்பு முதல் தலைமுறையைவிடப் பல ஆயிரம் மடங்கு அதிகம். விழிப்பது தாமதம், விழித்த பின் ஓட்டம் பயங்கரம். உங்கள் குடுவையில் நடந்தது இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மோல் வினையூக்கிக்கு நூறு மோல் நார்போர்னீன் எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லா வினையூக்கி மூலக்கூறுகளும் ஒன்றாகப் புறப்பட்டால் ஒவ்வொரு சங்கிலிக்கும் சராசரியாக நூறு அலகு. நார்போர்னீனின் மோலார் நிறை 94 என்பதால் சங்கிலியின் நிறை ஏறத்தாழ 9,400. பத்தில் ஒன்று மட்டும் விழித்துக்கொண்டு மோனோமரைத் தின்று தீர்த்துவிட்டால், அந்தச் சங்கிலிகளின் நிறை 94,000. அவற்றிலும் முன்னே விழித்தவை நீளமாகவும் பின்னே விழித்தவை குட்டையாகவும் இருப்பதால் பரவல் அகன்றுவிடுகிறது. மீதி வினையூக்கி, தனக்குப் பங்கு வருவதற்குள் பந்தி முடிந்துவிட்டதைப் போல, கரைசலில் சும்மா கிடக்கிறது.

மூன்றாம் தலைமுறையின் சிறப்பு அது விழித்தெழும் வேகத்தில் இருக்கிறது. இரண்டாம் தலைமுறையைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் விரைவாக அது புறப்படுகிறது. எல்லாச் சங்கிலிகளும் ஏறத்தாழ ஒரே கணத்தில் புறப்பட்டு, ஒரே அளவு மோனோமரைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் நிறை கணக்கிட்டபடி வரும். எடைச் சராசரி நிறையை எண் சராசரி நிறையால் வகுத்துக் கிடைக்கும் எண் 1-க்கு மிக அருகில் நிற்கும், அதாவது சங்கிலிகள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் இருக்கும். முதல் மோனோமர் தீர்ந்த பின் இரண்டாவது மோனோமரைச் சேர்த்தால் அதே சங்கிலிகள் தொடர்ந்து வளர்ந்து, ஒரு மோனோமரின் நீண்ட பகுதியை அடுத்து மற்றதன் நீண்ட பகுதி வரும் கட்டப் பலபடிகளாகும். ஒவ்வோர் அலகிலும் நீண்ட கிளை தொங்கும் புட்டித் தூரிகை வடிவப் பலபடிகளை இன்று இவ்வளவு சீராகச் செய்ய முடிவதற்கும் இந்த வினையூக்கி ஒரு முக்கியக் காரணம்.

உடனே வாங்க வேண்டியதில்லை என்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் உள்ள இரண்டாம் தலைமுறையோடு 3-புரோமோபிரிடினை மிகுதியாகச் சேர்த்தால், செம்பழுப்பு நிறம் பச்சையாக மாறி, மூன்றாம் தலைமுறை உங்கள் கையிலேயே உருவாகிவிடும். முதல் தலைமுறை மட்டுமே இருந்தாலும் வழி உண்டு: டிரைபீனைல் பாஸ்பீனைக் கூடுதலாகச் சேர்த்தால், வளரும் வேகம் புறப்படும் வேகத்தோடு ஒப்பிடுகையில் தணிந்து, பரவல் குறுகும். வினையைத் தாமதப்படுத்தும் ஒரு பொருளைச் சேர்த்துக் கட்டுப்பாட்டைப் பெறுவது முதலில் விசித்திரமாகத் தோன்றும். மேலே சொன்ன இரு வேகங்களையும் நினைவில் வைத்தால் தோன்றாது.

ஒரு எச்சரிக்கை. மோனோமர் தீர்ந்த பிறகும் கரைசலை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பலபடியிலும் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. வேலையில்லாத உலோக முனை தன் சங்கிலியையே திரும்பிக் கடித்து வளையத் துண்டுகளை உதிர்க்கும், அல்லது பக்கத்துச் சங்கிலியோடு துண்டு மாற்றிக்கொள்ளும். சீராக வளர்ந்த சங்கிலிகளும் அப்போது சீர்குலையும்.

கேள்வி: அப்படியானால் வினையை நிறுத்துவது எப்படி?
— அதே மாணவரின் அடுத்த கடிதம்

பதில்: ருத்தீனியமாக இருந்தால் எத்தில் வினைல் ஈதரை மிகுதியாகச் சேர்க்க வேண்டும். உலோக முனை அதையும் ஆல்கீனாகக் கருதி ஒருமுறை துணை மாற்றிக்கொள்கிறது. ஆனால் அதனால் கிடைக்கும், ஆக்சிஜன் ஒட்டிய புதிய கார்பீன் மேற்கொண்டு ஏறத்தாழ எதிலும் ஈடுபடாத அளவுக்கு மந்தமானது. சங்கிலியும் உலோகத்திலிருந்து விடுபட்டுவிடும். மாலிப்டினமாக இருந்தால் பென்சால்டிஹைடு போதும். ஆக்சிஜனை உலோகம் எடுத்துக்கொள்ள, சங்கிலி முனையில் பீனைல் தொகுதி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: ருத்தீனியம் இவ்வளவு வசதியாக இருக்கும்போது ஷ்ராக்கின் மாலிப்டினம் வினையூக்கிகளை இன்னும் யார் பயன்படுத்துகிறார்கள்?
— முதுகலை மாணவி

பதில்: வடிவத்தைக் கறாராகக் கேட்பவர்கள் பயன்படுத்துகிறார்கள். ருத்தீனியத்தின் பெருமை அதன் பொறுமை: நீர், ஆல்கஹால், காற்றின் சிறு தடயங்கள் ஆகியவற்றை அது ஓரளவு தாங்கிக்கொள்ளும். 1988-லேயே எளிய ருத்தீனியம் குளோரைடு உப்பைக் கொண்டு, தண்ணீரிலேயே ஆக்சாநார்போர்னீன் வகை மோனோமர்களைப் பலபடியாக்கியிருக்கிறார்கள். 1990-இல் ரிச்சர்ட் ஷ்ராக் வெளியிட்ட மாலிப்டினம் வினையூக்கியோ ஆக்சிஜனையும் ஈரத்தையும் ஆல்டிஹைடுகளையும் சகிக்காது. நைட்ரஜன் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் வைத்தே கையாள வேண்டும்.

ஆனால் ஒரே மோனோமரிலிருந்து கிடைக்கும் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் சிஸ் வடிவில் (சங்கிலியின் இரு பகுதிகளும் பிணைப்பின் ஒரே பக்கம்) அமையலாம், டிரான்ஸ் வடிவிலும் (எதிரெதிர்ப் பக்கம்) அமையலாம். அடுத்தடுத்த வளையங்கள் ஒரே பக்கம் நோக்கலாம், மாறி மாறியும் நோக்கலாம். பலபடி படிகமாகுமா, எந்த வெப்பத்தில் உருகும் என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. இந்தப் பிரச்சினை பழையது: 1964-லேயே ஜூலியோ நாட்டாவின் குழு சைக்ளோபென்டீனை மாலிப்டினம் கொண்டு சிஸ் பலபடியாகவும், டங்ஸ்டன் கொண்டு டிரான்ஸ் பலபடியாகவும் ஆக்கிக் காட்டியது. ஷ்ராக் வகை மாலிப்டினம், டங்ஸ்டன் வினையூக்கிகளில் உலோகத்தைச் சுற்றி எடுப்பான, பருமனான தொகுதிகளை விரும்பியபடி அமைக்க முடிகிறது. நாலணு வளையத்தில் எல்லாப் பதிலிகளும் ஒரே பக்கம் திரும்பியிருக்குமாறு அவை நெருக்கும்போது, ஏறத்தாழ முழுவதும் சிஸ் வடிவிலேயே சங்கிலி வளர்கிறது. பிற்காலத்தில் ருத்தீனியத்திலும் சிஸ் வடிவத்தைத் தரும் வினையூக்கிகள் வந்துவிட்டன. எனினும், சிஸ் வடிவத்தையும் வளையங்களின் முறையான அடுக்கையும் ஒருசேரக் கேட்டால் நான் முதலில் மாலிப்டினத்தைத்தான் பார்ப்பேன்.

கேள்வி: அச்சு வார்ப்புத் தொழிலில் இருக்கிறேன். டைசைக்ளோபென்டடையீன் பிசின் ரோம்ப் முறையில்தான் இறுகுகிறது என்று அறிந்தேன். இவ்வளவு வேகமான வினை, கலவை அச்சை நிரப்பும் வரை எப்படிக் காத்திருக்கிறது?
— தொழில்நுட்பப் பணியாளர்

பதில்: பழைய வழி, பகையாளிகளைத் தனித்தனி அறையில் வைப்பதுதான். ஒரு தொட்டியில் மோனோமரோடு மாலிப்டினம் அல்லது டங்ஸ்டன் சேர்மம். இன்னொரு தொட்டியில் மோனோமரோடு அலுமினியம் ஆல்கைல் வகைத் துணை வினையூக்கி. தனித்தனியாக இரண்டுமே செயலற்றவை. கலவைத் தலையில் சந்தித்து அச்சுக்குள் பாய்ந்த பிறகுதான் உண்மையான கார்பீன் உருவாகிறது. மோனோமரிலுள்ள நார்போர்னீன் வளையம் முதலில் திறந்து சங்கிலியாகிறது. மற்றொரு வளையத்தின் இரட்டைப் பிணைப்பு சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகளைத் தருகிறது. வினை வெளியிடும் வெப்பமே இறுகலை முடித்துவைக்கிறது. டிராக்டர், லாரி ஆகியவற்றின் பெரிய உடற்பலகைகள் இப்படி வார்க்கப்படுகின்றன.

ருத்தீனியத்தில் வேறு உத்தி: பாஸ்பைட் போன்ற தடுப்பான்களைச் சேர்த்து உலோகத்தின் காலி இடத்தை அடைத்து வைக்கிறார்கள், சூடேறினால் அது கழலும். 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இப்படி அடக்கிவைத்த கலவையின் ஒரு முனையை மட்டும் சூடாக்கியபோது, வினையின் வெப்பமே அடுத்த பகுதியை எழுப்ப, இறுகும் முகப்பு ஒன்று பொருள் நெடுகத் தானே ஊர்ந்து சென்றது. நார்க் கலவைப் பொருள்களைப் பெரிய அடுப்பில் மணிக்கணக்காக வேகவைக்கும் செலவு இதனால் மிச்சமாகும் என்பதே அதன் கவர்ச்சி. இதற்கு முன்பே, 2001-இல், இல்லினாய் பல்கலைக்கழகத்தினர் இதே மோனோமரை நுண்குமிழ்களில் அடைத்து, கிரப்ஸ் வினையூக்கித் துகள்களோடு எபாக்சியில் பதித்துவைத்தார்கள். விரிசல் ஓடினால் குமிழ் உடைந்து, மோனோமர் கசிந்து, வினையூக்கியைத் தொட்டு இறுகி, விரிசலை மூடிக்கொள்ளும்.

உங்கள் துறைக்கு வெளியே இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1976 முதல் பிரான்சில் தயாரான பாலிநார்போர்னீன், தன் எடையைவிடப் பலமடங்கு எண்ணெயை உறிஞ்சும் ரப்பராகப் பெயர்பெற்றது. 1980-இல் ஜெர்மனியில் வந்த பாலிஆக்டெனமர், மற்ற ரப்பர்களைப் பதப்படுத்தத் துணைப்பொருளாகிறது. கண்ணாடிபோல் தெளிந்த சில ஒளியியல் பிளாஸ்டிக்குகளும் ரோம்பின் பிள்ளைகளே. அவற்றில் மட்டும் எஞ்சிய இரட்டைப் பிணைப்புகளை ஹைட்ரஜன் ஏற்றி மூடிவிடுகிறார்கள். இல்லையென்றால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அவற்றைத் தாக்கி மஞ்சளாக்கிவிடும்.

கேள்வி: ஒவ்வொரு படியும் மீளக்கூடியது என்றால், பழைய பொருளை மீண்டும் மோனோமராக்க முடியுமா?
— பெயர் குறிப்பிடாத வாசகர்

பதில்: எந்த மோனோமர் என்பதைப் பொறுத்தது. நார்போர்னீனில் இறுக்கம் மிக அதிகம். திறந்த வளையம் திரும்ப மூடிக்கொள்ளாது. சைக்ளோபென்டீன் பலபடியை நீர்த்த கரைசலில் வினையூக்கியோடு வைத்தால் பெரும்பகுதி வளையமாகவே திரும்பி வருகிறது. ஆனால் அது மென்மையான ரப்பர், எல்லா வேலைக்கும் உதவாது. ஆகவே இறுக்கத்தை அளந்து நறுக்கிய மோனோமர்களை வடிவமைக்கிறார்கள். சைக்ளோஆக்டீனோடு ஒரு சைக்ளோபியூட்டேன் வளையத்தை ஒட்டினால் அதன் இறுக்கம் தணிந்து, பலபடியாகவும் முடியும், வினையூக்கி தந்தால் மோனோமராகத் திரும்பவும் முடியும் என்று 2021-இல் காட்டப்பட்டது. வினையூக்கியை நீக்கிவிட்டால் அந்தப் பலபடி உயர்ந்த வெப்பத்தையும் தாங்குகிறது. திரும்பும் பாதை இருந்தாலும் அதைத் திறக்கும் சாவி இல்லாமல் போய்விடுவதுதான் காரணம்.

முந்தைய கேள்வியில் வந்த டைசைக்ளோபென்டடையீன் பிசின் குறுக்குப் பிணைப்புகளால் பின்னப்பட்டது, இந்த வழியில் திரும்பாது. அதற்கு 2020-இல் வேறு தீர்வு வந்தது: பிளவுபடக்கூடிய சிலைல் ஈதர் பிணைப்பு கொண்ட எட்டணு வளைய மோனோமரைச் சிறிதளவு கலந்து வார்த்தால், அதே வினையூக்கி அதையும் திறந்து சங்கிலிகளுக்குள் ஆங்காங்கே பதித்துவிடுகிறது. பயன்பாடு முடிந்த பின் ஃபுளோரைடு கொண்டு அந்த இடங்களை மட்டும் வெட்டினால், இறுகிய பிசின் கரையும் துண்டுகளாகிவிடும். அத்துண்டுகளைப் புதிய வார்ப்பில் மீண்டும் சேர்க்கலாம்.